கிராமத் திருச்சபையின் வரலாறு எழுத உதவி தேவை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன கிராமத் திருச்சபையின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1799-இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் உருவானது, 1820-இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது, 1841-இல் கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தது எல்லாம் புத்தகங்களில் கிடைக்கிறது. ஆனால் ஓலைக்கூரைக் கோயில்களில் தினமும் ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களில் பலருடைய பெயர்கூட அவற்றில் இல்லை. எனக்கு அவர்கள்தான் முக்கியம்.

எங்கள் ஞானஸ்நானப் பதிவேட்டின் முதல் பக்கங்களைக் கறையான் அரித்துவிட்டது. சபை சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரண்டு ஆங்கிலேய மிஷனரி சங்கங்களில் எதைச் சேர்ந்தது என்பதிலேயே பெரியவர்களுக்குள் இரண்டு பேச்சு. சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்திலும் இருக்கின்றன. அங்கே கிராமப் பெயரை வைத்துத் தேடியவர்கள் யாராவது உண்டா? அந்தக் காலத்தில் ஒரே ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருக்கிறார்கள், அதுதான் பெரிய சிக்கல்.

உங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தின் முன்பக்கத்தில் தாத்தா எழுதிவைத்த பிறப்பு, திருமணக் குறிப்புகள் இருந்தாலும் படம் எடுத்துப் போடுங்கள். கல்லறை எழுத்துகளும் உதவும். எங்கள் சபையின் மூத்தவருக்கு 91 வயது. அவர் இருக்கும்போதே வாசித்துக் காட்ட வேண்டும்.