புதுப்பிப்பு: சூடேறி நின்ற அவுட்போர்டு இன்ஜின் சரியாகிவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எங்கள் ஃபைபர் படகின் பின்புறம் வெளியே மாட்டியிருக்கும் பழைய மண்ணெண்ணெய் இன்ஜின் பத்து நிமிடத்தில் சூடேறி நின்றுவிடுகிறது, புதிது வாங்கப் பணமில்லை என்று கேட்டிருந்தேன். கார்புரேட்டரை விடுங்கள், இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏற்றும் வாட்டர் பம்பைத் திறந்து பாருங்கள் என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் சரி. கீழ்ப்பகுதியை இறக்கிப் பார்த்தால், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரில் இரண்டு இதழ்கள் இல்லை. புதிது போட்டேன். அப்படியும் பம்பு வேலை செய்வதைக் காட்டும், இன்ஜினின் பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீச்சவில்லை, சொட்டியது. நான் எதிர்பார்க்காதது இதுதான்: உடைந்த இதழ்கள், தண்ணீர் மேலே போகும் குழாயில் சிக்கியிருந்தன. அந்தத் துண்டுகளைத் தேடி எடுக்காமல் மூடிவிடாதீர்கள். மொத்தச் செலவு 1,850 ரூபாய். மூன்று வாரமாக இன்ஜின் நிற்கவே இல்லை. இப்போது கரைக்கு வந்ததும், உள்ளே உப்பு தங்காமல் இருக்க, டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதில் இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட விடுகிறேன்.