பாதி வழியில் கப்பல் ஏறினோம், டிப்ஸ் முழு வழிக்கும் எடுத்திருந்தார்கள்

திருமலை வாத்தியார்:

பெறாமகள் துபாயில் வேலை செய்கிறாள். போன வருடம் ஆனி மாதம் ஒருநாள் கூப்பிட்டு, "பெரியப்பா, துபாயிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் 14 இரவு, கப்பல், சாப்பாடு எல்லாம் சேர்த்து. விலையைக் கேட்டால் நம்பமாட்டீர்கள்" என்றாள். நம்பவில்லைதான். மலிவு என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பிறகுதான் காரணம் விளங்கியது. ஐரோப்பாவில் குளிர் தொடங்கினால் அங்கே ஓடுகிற உல்லாசக் கப்பல்களில் சிலதை ஆசியாப் பக்கம் கொண்டுவருகிறார்கள். வெயில் திரும்பினால் கப்பலும் திரும்பும். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போன லொறி திரும்பும்போது வெறுமனே வராது, கிடைத்த சாமானைக் குறைந்த கூலிக்காவது ஏற்றிக்கொண்டுதான் வரும். அதே கணக்குத்தான் இதுவும். ஒருவழிப் பயணம், துறைமுகம் குறைவு, சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிற நாள் அதிகம். அதனால் ஒரு இரவுக்கான விலை இறங்கிவிடுகிறது. ரீபொசிஷனிங் பயணம் என்கிறார்கள்.

அவள் காசு கட்டிவிட்டாள். மூன்று வாரம் கழித்து மனைவியின் தம்பி மகனுக்குக் கலியாண நாள் வைத்தார்கள், சரியாகக் கப்பல் துபாயை விட்டுப் புறப்படுகிற கிழமைக்கு. தாய்மாமன் வீட்டுக் கலியாணத்தை விட்டுவிட்டுக் கப்பல் ஏற முடியுமா? போகமாட்டோம் என்று சொல்லப் போனபோதுதான் பயண அட்டவணையை ஒழுங்காகப் பார்த்தேன். மும்பாய், கொச்சி, கொழும்பு, அதற்கடுத்து திருகோணமலை! எங்கள் வீட்டிலிருந்து துறைமுகம் சைக்கிள் மிதிக்கிற தூரம்.

சரி, இங்கேயே ஏறிக்கொள்வோம் என்று நினைத்தது சுலபம். அனுமதி வாங்க ஐந்து கிழமை போனது. கப்பல் பஸ் இல்லை, கைகாட்டி ஏற முடியாது. ஏறுகிறவர்களின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு துறைமுகத்துக்கும் முன்கூட்டியே கொடுக்கிறார்கள். குடிவரவு அதிகாரிகள் வந்து பாஸ்போட்டில் முத்திரை குத்த வேண்டும், அதை உள்ளூர் முகவர் ஏற்பாடு செய்ய வேண்டும். இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் முதல் துறைமுகத்துக்குப் போகாமல் விட்டால், வரவில்லை என்று குறித்து மொத்த முன்பதிவையும் தூக்கிவிடுவார்கள். நீங்கள் நடுவழியில் பெட்டியோடு நின்று கையசைக்கலாம். ஆகவே எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அச்செடுத்துப் பையில் வையுங்கள். அந்த ஒற்றைத் தாள் பிறகு என்னைக் காப்பாற்றியது.

பயணக் காசில் ஒரு சதம் குறையாது. ஏறாத எட்டு இரவுக்கும் சேர்த்துத்தான் கட்டினோம். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை, கேபினை எங்களுக்கென்று பூட்டி வைத்திருந்தார்களே.

கப்பல் வருவதற்கு முதல்நாள் இரவு கார்த்திகை மழை. காற்று வேறு. கடல் சரியில்லை என்று கப்டன் துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டால், அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில்தான் போய்ச் சேர வேண்டும் என்று அந்தத் தாளிலேயே போட்டிருந்தது. அடுத்தது தாய்லாந்தில் இருக்கிற புக்கெட். மனைவி பத்திரகாளி அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நான் எங்கள் துறைமுகத்தை நம்பினேன். வெளியே என்ன ஆட்டம் ஆடினாலும் உள்ளே வந்துவிட்டால் குளம் மாதிரி. விடிய ஏழு மணிக்குப் பார்த்தால் வெள்ளையாக ஒரு மாடிவீட்டுத் தொடர் மிதந்துகொண்டு நிற்கிறது.

படகில் கூட்டிப்போனார்கள். நான் பிறந்த ஊரைக் கடலில் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. போனவுடன் பாதுகாப்புப் பயிற்சி. 2012இல் கொஸ்டா கொன்கோர்டியா என்ற உல்லாசக் கப்பல் கவிழ்ந்த பிறகு சட்டத்தை இறுக்கிவிட்டார்கள், புதிதாக ஏறியவர்களுக்குக் கப்பல் புறப்படுவதற்கு முன்னரோ புறப்பட்ட உடனேயோ செய்தாக வேண்டும். இங்கே ஏறியது நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஜெர்மன் சோடியும். நான்கு பேருக்காக ஆறு பேர் நின்று உயிர்காப்பு அங்கியை மாட்டிக் காட்டினார்கள். மேலே இருந்து ஆட்கள் குனிந்து வேடிக்கை பார்த்தார்கள். மனைவிக்கு வெட்கம் தாங்கவில்லை.

இனி டிப்ஸ் கதைக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எங்கள் ஊரில் "சந்தோசமாய்ப் பார்த்துக் குடுங்கோ" என்பார்கள். கொடுப்பதும் விடுவதும் நம் மனம். கப்பலில் அப்படியில்லை. ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் தானாகக் கணக்கில் ஏறும். எங்கள் கப்பலில் 16 டொலர். பெரிய அறைக்காரருக்கு இன்னும் கூட. பெறாமகள் முன்பதிவின்போதே அதையும் கட்டியிருந்தாள்: இரண்டு பேர், 14 நாள், 448 டொலர். "டிப்ஸ் எல்லாம் கட்டியாச்சு, நீங்கள் ஒன்றும் யோசிக்கவேண்டாம்" என்றாள். நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், யோசிக்காமல் இருக்க வராது.

நாங்கள் கப்பலில் இருக்கப்போவது ஆறு இரவு. ஆறுக்கு 192தான் வருகிறது. மிச்சம் 256 டொலர் யாருக்கு, எதற்கு?

வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை, ஆனால் கேபின் 14 நாளும் உங்கள் பெயரில்தானே இருந்தது என்றாள். "பயணக் காசுக்கு அது சரி மகள். யாரும் படுக்காத கட்டிலை எட்டு நாள் யார் தட்டிப் போட்டது?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அச்செடுத்த தாளைக் காட்டினேன். ஏறும் நாள், ஏறும் துறைமுகம் இரண்டும் அதில் தெளிவாக இருந்தன. அடுத்தநாள் மேலதிகாரி கணக்கைத் திருத்தி 256 டொலரையும் எங்கள் கப்பல் கணக்கில் வரவு வைத்தார். செலவழித்தது போக மிஞ்சியது பெறாமகளின் கார்டுக்குத் திரும்பிப் போனது.

செலவு என்றதும் ஞாபகம் வருகிறது. மனைவி ஒரு இஞ்சிச் சோடா கேட்டாள். விலை 4 டொலர். பில் துண்டில் 4.72 என்று இருந்தது. குடிவகை, சோடா எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் சேவைக் கட்டணம் தானாகச் சேருமாம், மசாஜ் மாதிரியான காரியங்களுக்கும் அப்படித்தான். அதற்குக் கீழே "மேலதிக டிப்ஸ்" என்று ஒரு வெற்றுக் கோடு. அதையும் நிரப்பத்தான் வேண்டும் என்று நினைத்து மனைவி பேனையை எடுத்துவிட்டாள். நல்லகாலம், பக்கத்தில் இருந்தேன். அந்தக் கோட்டை வெறுமையாக விடலாம். ஏறக்குறைய 1,400 ரூபாய்க்கு சோடா குடித்த கதையை இப்போதும் வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிறாள்.

மேசையில் பரிமாறிய பொடியன் நாகர்கோவில்காரன். நாங்கள் தமிழ் கதைப்பதைக் கேட்டு முகம் மலர்ந்துவிட்டது. முதல்நாள் மனைவி சுடுதண்ணீர் கேட்டாள். அதற்குப் பிறகு ஆறு நாளும் நாங்கள் உட்காருவதற்கு முன் ஆவி பறக்கிற கோப்பை மேசையில் இருக்கும். கடைசி இரவு அவன் கையில் தனியாக 20 டொலர் வைத்தேன். அது என் சந்தோசம். அந்த 16 டொலர்க் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

மூதூர் தம்பி:

வாத்தியார் ஐயா, நான் கேபின் துப்புரவு வேலைக்கு மூன்று ஒப்பந்தம் கப்பலில் இருந்தவன். அந்தப் பக்கத்துக் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன்.

என் பொறுப்பில் 18 கேபின், ஒரு நாளைக்கு இரண்டு தரம். ஒப்பந்தம் எட்டு, ஒன்பது மாதம், கிழமையில் ஏழு நாளும் வேலை. சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் குறைந்தது 10 மணித்தியால ஓய்வு என்று இருக்கிறது. 10 என்றால் ஒரேயடியாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், இரண்டு துண்டாக உடைத்தும் தரலாம். பெரிய துண்டு ஆறு மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான்.

சேவைக் கட்டணம் கேபின் ஆளுக்கும் பரிமாறுகிற ஆளுக்கும் மட்டும் போவதில்லை. நான் இருந்த கப்பலில் கீழ்த்தளத்தில் துணி துவைக்கிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள் வரைக்கும் பங்கு உண்டு. நீங்கள் அவர்கள் முகத்தையே பார்த்திருக்க மாட்டீர்கள். பயணம் முடிகிற முதல்நாள் மாலை வரவேற்பு மேசையில் ஒரு வரிசை நிற்கும். கட்டணத்தை எடுத்துவிடச் சொல்லி வருகிற வரிசை. பல நிறுவனங்களில் அப்படி எடுக்கலாம்தான். "நான் நேரே கையில் கொடுக்கிறேன்" என்பார்கள். ஒரு மனுசி அப்படி எடுத்துவிட்டு எனக்கு 50 டொலர் தந்தா. பெரிய மனம்தான். ஆனால் எங்கள் கப்பலில் விதி என்னவென்றால், கட்டணத்தை எடுத்துவிட்டவர் தருகிற காசைப் பொதுக் கணக்கில் ஒப்படைக்க வேண்டும். கட்டணத்தை விட்டுவைத்து மேலே தருவதைத்தான் நாங்கள் வைத்துக்கொள்ளலாம். நான் ஒப்படைத்தேன். நம்பினால் நம்புங்கள்.

வாத்தியார் செய்தது வேறு. இல்லாத நாளுக்குக் கட்டினதைத் திருப்பிக் கேட்டார், இருந்த நாளுக்கு விட்டுவைத்தார். அதில் எங்களுக்கு ஒரு கோபமும் வராது.

இன்னொன்று. கடைசியில் ஒரு கருத்துப் படிவம் வரும். அதில் பொடியனின் பெயரை எழுதினீர்களா? பெயர் வந்தால் அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் உதவும். 20 டொலரை விடப் பெரிசு.

ஸ்கார்பரோ மருமகள்:

எனக்கு அனுமதி கிடைக்காத கதை. மாமி திருகோணமலையிலிருந்து கனடாவுக்கு வந்திருந்தா. அலாஸ்காப் பருவம் முடிந்து கப்பல்கள் தெற்கே இறங்குகிற நேரம் வன்கூவரிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் போகிற ஒன்றை எடுத்தோம். இடையில் சியாட்டிலில் நிற்கும். அங்கே மச்சாள் வீடு, அங்கிருந்தே ஏறுகிறோம் என்று கேட்டேன். முடியவே முடியாது என்றார்கள். 1886ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமாம். வெளிநாட்டில் பதிவான கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்குகிற ஆட்களை ஏற்றக்கூடாது. வன்கூவர் கனடாவில், அங்கே ஏறினால் சட்டப்படி சரி; சியாட்டில் அமெரிக்காவில், அங்கே ஏறினால் குற்றம். தண்டப்பணத்தை நம் தலையிலேயே கட்டிவிடுவார்களாம். பேசாமல் வன்கூவருக்கே போய் ஏறினோம்.

டிப்ஸ் என் நாலு வயது மகனுக்கும் முழுதாக எடுத்தார்கள். அவன் சிந்தினதைத் துடைத்தவர்களை நினைத்து வாய் திறக்கவில்லை.

கோட்டைவாசல் ஓட்டோ:

நான் கரையில் நிற்கிறவன். கப்பல் வந்தால் கோணேசர் கோயில், கன்னியா, நேரம் இருந்தால் நிலாவெளி. கோட்டைக்குள் மான் நிற்கிற இடத்தில் அரை மணித்தியாலம் போய்விடும், ஆட்கள் நகரமாட்டார்கள். எனக்கு மணிக்கூட்டில்தான் கண். கடைசிப் படகைத் தவறவிட்டால் கப்பல் காத்திராது.

போன மாசி மாதம் ஒரு கிழவரையும் மனைவியையும் நாலு மணித்தியாலம் சுற்றிக் காட்டினேன். பேசின காசைத் தந்தார்கள். இறங்கும்போது அவர், டிப்ஸ் எல்லாம் கப்பலிலேயே கட்டிவிட்டோம் என்று சிரித்துக்கொண்டு கையைக் குலுக்கினார். ஐயா, கப்பல் டிப்ஸ் கப்பலோடு சரி. கரையில் நிற்கிற எங்களுக்கு அதில் ஒரு சதமும் வராது. அவருக்கு உண்மையிலேயே தெரியாது, கோபிக்கவில்லை.

வேறு சிலர் பொக்கெட்டில் கிடக்கிற சில்லறையை அள்ளித் தருவார்கள். யூரோக் குற்றி. தாளென்றால் மாற்றலாம், குற்றியை வங்கியில் எடுக்கமாட்டார்கள். வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடக்கிறது. மகள் கடை வைத்து விளையாடுகிறாள்.

திருமலை வாத்தியார்:

மூதூர் தம்பி, அந்தப் படிவம் வந்தது. கண்ணாடி பெட்டிக்குள் போய்விட்டதால் நிரப்பாமல் வைத்துவிட்டேன். பொடியனின் பெயர் ஞாபகம் இருக்கிறது. கப்பல் விட்டு இவ்வளவு நாளாகிவிட்டது, இருந்தாலும் இன்று இரவே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுகிறேன்.

சிலர் தனியாகக் கேட்டதற்கும் இங்கேயே பதில். சிங்கப்பூரில் இறங்க இலங்கைப் பாஸ்போட்டுக்கு விசா வேண்டாம். வருகை அட்டையை மட்டும் போய்ச் சேர்வதற்கு முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கடல் நடுவில் இணையத்துக்குக் காசு பிடுங்குவார்கள் என்பதால் முந்தின துறைமுகத்தில் வைத்தே செய்துவிடுங்கள். இடையில் வருகிற மற்றத் துறைமுகங்களுக்கு விசா வேண்டுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். இறங்காமல் கப்பலிலேயே இருந்தாலும் சில இடங்களுக்குக் கேட்பார்கள்.

ஓட்டோத் தம்பி, ஞாயிற்றுக்கிழமை அந்த டின்னை வீட்டுக்குக் கொண்டு வாங்கோ. பெறாமகள் மார்கழி லீவில் வருகிறாள், அடிக்கடி ஐரோப்பா போய்வருகிறவள். எண்ணிப் பார்த்து ரூபாயாகத் தரச் சொல்கிறேன். மகள் விளையாடப் பத்துக் குற்றியை மட்டும் எடுத்து வையுங்கோ.