எல்லாரும் நல்லா இருக்குங்கறாங்க, ஆனா யாரும் மாற மாட்டேங்கறாங்க... ஏன்?

குழப்பவாதி:
ஆபீஸ்ல கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட் பதிவு பண்ண புதுசா ஒரு சாஃப்ட்வேர் கொண்டு வந்தோம். எல்லா டீமுக்கும் போய்ச் சேரணும்னு டீமுக்கு ஒருத்தரா ஆள் எடுத்து ட்ரெயினிங் குடுத்தோம், அவங்களும் சூப்பர்னு தான் சொன்னாங்க. இப்ப போய்ப் பாத்தா பாதிக்கு மேல பழைய எக்செல் ஷீட்டுக்கே திரும்பிட்டாங்க, கேட்டா "நல்லா தான் இருக்கு, அடுத்த மாசத்துலேர்ந்து பண்றேன்"ங்கறாங்க. இதே ஆளுங்க தான் புதுசா ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கர் வந்தா சாயங்காலத்துக்குள்ள ஆபீஸ் முழுக்க பரப்பிடறாங்க. இதுக்குன்னு ஆராய்ச்சி ஏதாவது இருக்கா, இல்ல மனுஷங்களே இப்படித்தானா?

மண்புழு:
நிறைய இருக்கு ப்ரோ. புது விஷயம் மக்கள்கிட்ட எப்படிப் பரவுதுன்னு பாக்கற இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி போட்டதே மக்காச்சோளம் தான். அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல 1928 வாக்குல ஹைப்ரிட் விதை வந்துச்சு, விளைச்சல் அதிகம், வறட்சியும் தாங்கும். ரயன், கிராஸ்னு ரெண்டு பேர் 259 விவசாயிங்கள விசாரிச்சு 1943ல ஒரு கட்டுரை எழுதினாங்க. 1941க்குள்ள ரெண்டே ரெண்டு பேர் தவிர எல்லாரும் மாறியாச்சு, ஆனா அதுக்கு 13 வருஷம் புடிச்சிருக்கு, இத்தனைக்கும் கண்ணுக்கு நேரா லாபம் தெரியற சமாச்சாரம். பழைய விதைய சொந்தமா எடுத்து வெச்சுக்கலாம், இத வருஷா வருஷம் காசு குடுத்து வாங்கணும், அதனால முதல்ல வாங்கினவங்களும் ஒரு ஓரமா கொஞ்சம் போட்டுப் பாத்துட்டு தான் மிச்ச நிலத்துக்குப் போனாங்க.

இதுல எனக்குப் புடிச்ச விஷயம் என்னன்னா, இப்படி ஒரு விதை இருக்குன்னு பெரும்பாலானவங்களுக்கு முதல்ல சொன்னது விதை விக்க வந்த ஆளு. ஆனா போடலாம்னு நம்ப வெச்சது பக்கத்து நிலத்துக்காரங்க. உங்க ட்ரெயினிங் அந்த விதை விக்கற ஆளு வேலைய மட்டும் தான் செஞ்சிருக்கு.

எதிர்க்கேள்வி:
அடுத்து யாராவது வந்து, புதுசுக்கு யாரு எப்ப மாறுவாங்கன்னு எவரெட் ரோஜர்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் 1962ல போட்ட அந்தக் கணக்க எடுத்து விடுவீங்க, முன்னோடிங்க 2.5 சதவீதம், கடைசில வர்றவங்க 16 சதவீதம்னு. அதெல்லாம் மணி வடிவ வளைவ (பெல் கர்வ்) கோடு போட்டு வெட்டினதுல வந்த நம்பர், ஒவ்வொரு ஆபீஸ்லயும் தலைய எண்ணிப் பாத்து எழுதினது இல்ல. அத வெச்சு மாறாதவங்கள "பின்தங்கினவங்க"ன்னு முத்திரை குத்தறது எனக்கு ஒத்துக்காது.

அதே ரோஜர்ஸ் பிரபலமாக்கின பெரு நாட்டுக் கதை ஒண்ணு இருக்கு. லாஸ் மோலினோஸ்னு ஒரு ஊரு, தண்ணிய காய்ச்சிக் குடிங்கன்னு ஒரு சுகாதாரப் பணியாளர் ரெண்டு வருஷம் வீடு வீடா சொல்லியிருக்காங்க, 200 குடும்பத்துல 11 தான் மாறிச்சு. அந்த ஊர் வழக்கப்படி காய்ச்சின தண்ணி நோயாளிக்கானது, நல்லா இருக்கறவன் அதக் குடிச்சா சீக்காளின்னு அர்த்தம். போதாததுக்கு விறகும் நேரமும் வேற வேணும். அந்த 189 குடும்பத்துக்கும் அவங்கவங்க பக்கம் காரணம் இருந்துச்சு, போய்க் கேட்டா தான தெரியும்.

சிலந்திவலை:
குழப்பவாதி, "டீமுக்கு ஒருத்தர்"னு சொன்னீங்க பாருங்க, வில்லங்கமே அங்க தான்.

தகவலுக்குத் தூரத்துப் பழக்கம் போதும். கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியலாளர் 1973லயே எழுதிட்டார், நெருங்கின நண்பர விட எப்பவாவது பாக்கற ஆளு மூலமா தான் புது சேதி அதிகம் வரும்னு. உங்க ஸ்டிக்கர் அந்த ரகம், ஒருத்தர் அனுப்பினா போதும், தட்டினா முடிஞ்சுது. பழக்கத்த மாத்தறது அப்படி இல்ல, தனக்குத் தெரிஞ்ச ரெண்டு மூணு பேராவது செய்யறதப் பாக்கணும்.

டேமன் சென்டோலான்னு இன்னொரு சமூகவியலாளர் இத சோதிச்சே பாத்து 2010ல வெளியிட்டார். 1,528 பேர ஆன்லைன்ல சேத்து, பாதிப் பேருக்கு கொத்து கொத்தா இணைப்பு, அதாவது என் நண்பருங்களே ஒருத்தருக்கொருத்தர் பழக்கம், மீதிப் பேருக்கு அங்கங்க சிதறின இணைப்பு. எல்லாருக்கும் ஒரே வேலை தான், ஒரு ஹெல்த் சைட்ல ரெஜிஸ்டர் பண்ணணும். சிதறின பக்கம் தான் வேகமா போகும்னு நினைப்போம். நடந்தது என்னமோ தலைகீழ், கொத்தா இருந்த பக்கம் சுமார் 54 சதவீதம் பேர் சேந்தாங்க, சிதறின பக்கம் 38. ஒரே விஷயம் ரெண்டு மூணு பக்கத்துலேர்ந்து காதுல விழுந்தா தான் ஆளு அசையறான்.

நீங்க ஆள தெளிச்சு விட்டுட்டீங்க. ஒவ்வொருத்தரும் அவங்க டீம்ல தனியா நின்னு, சுத்தி எல்லாரும் எக்செல் பண்றதப் பாத்து பழசுக்கே போயிட்டாங்க. ஒரே டீம முழுசா மாத்துங்க, அப்பறம் அவங்களோட தினம் வேலை பாக்கற அடுத்த டீமுக்குப் போங்க.

சும்மா ஒருத்தன்:
எதுக்கு இவ்ளோ, ரூல் போடுங்க. மூணு முனை சீட் பெல்ட்ட வோல்வோ 1959லயே கார்ல வெச்சுட்டாங்க. போடுங்க போடுங்கன்னு சொல்லிப் பாத்துட்டு கடைசில 1970ல ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலம் பெல்ட் போடறத சட்டமாவே ஆக்கிச்சு.

சிலந்திவலை:
பெல்ட்ட வெளில நின்னு பாத்தாலே தெரியும், போலீஸ் புடிக்கலாம். இதுல யாரு என்ன என்ட்ரி போட்டாங்கன்னு யாரு உக்காந்து பாக்கறது?

குழப்பவாதி:
ஐயோ, அது கரெக்ட். எங்க சாஃப்ட்வேர்ல ஒருத்தர் என்ட்ரி போட்டா பக்கத்து சீட்டுக்காரருக்கே தெரியாது, எக்செல் ஷீட்டு மட்டும் ஷேர்ட் ஃபோல்டர்ல எல்லாரும் பாக்கற மாதிரி கெடக்கு. எதிர்க்கேள்வி சொன்ன மாதிரி இன்னிக்கு ரெண்டு பேர உக்கார வெச்சுக் கேட்டேன். புதுசுல போட்டாலும் எக்செல்லயும் இன்னொரு தடவ போட வேண்டியிருக்காம்.

எதிர்க்கேள்வி:
எக்செல்ல ஏன் போடணும்?

குழப்பவாதி:
வாரா வாரம் மேனேஜருக்கு ரிப்போர்ட் அதுல தான் போகணுமாம். சாஃப்ட்வேர வாங்கச் சொன்னதே அவர் தான் 😐

மண்புழு:
அப்ப ட்ரெயினிங்க அவருக்கு முதல்ல குடுங்க.