மேகசின்: ஒரே கலைச்சொல் போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஜெர்மன் நூலகப் பட்டியல் ஒன்றைத் தமிழாக்கும் பணியில், நூல் இருக்கும் இடமாக "மகட்சீன்" (மேகசின் என்பதன் ஜெர்மன் வடிவம்) என்று வருகிறது. அகராதிகளில் இதழ், சஞ்சிகை என்றுதான் பொருள். "இந்நூல் இதழில் உள்ளது" என்றால் அபத்தம். துப்பாக்கியில் தோட்டாக்களை வைக்கும் கூட்டுக்கும் இதே சொல். எல்லா இடத்துக்கும் "பேழை" என்று வைத்துக்கொள்ளலாமா?

*

> எல்லா இடத்துக்கும் "பேழை"

வேண்டாம் ஐயா. ஐரோப்பாவிலேயே அது ஒரே பொருளில் நிற்கவில்லை, நாம் ஏன் ஒரே சொல்லில் கட்ட வேண்டும்?

வேர் அரபு. சேர்த்து வைத்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து மக்ஸன், அதாவது சேமிப்பிடம், பன்மை மகாஸின். (நம் கஜானாவும் அதே வேர்தான், பாரசீகம் வழியாக வந்து சேர்ந்தது.) இத்தாலியர் பன்மையை எடுத்து மகட்சீனோ ஆக்கினார்கள், அங்கே இன்றும் கிடங்கு. ஸ்பானியர் ஒருமையை, முன்னால் ஒட்டிய "அல்" என்ற அரபுச் சுட்டுச்சொல்லுடனேயே வாங்கி அல்மசேன் என்றார்கள். பருத்திக்கும் இப்படித்தான்: ஸ்பானியத்தில் அல்கொதோன், இத்தாலியத்தில் கொத்தோனே. பிரெஞ்சிலும் ருஷ்யத்திலும் ருமேனியத்திலும் அது கடை. டச்சில் கிடங்கு. போலிஷில் கிடங்கும் இதழும் ஒரே சொல். துப்பாக்கிக்கு மட்டும் சிறுமை விகுதி சேர்த்து மகஸினெக்.

இதழ் என்ற பொருள் ஆங்கிலத்தின் வேலை. 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் தொடங்கிய "ஜென்டில்மன்ஸ் மேகசின்" அங்கங்கே வந்த எழுத்துகளைக் கிடங்குபோலச் சேர்த்துத் தந்தது. உருவகம் மறைந்து இதழ் என்பதே பொருளாயிற்று. அந்தப் பொருள் பிரெஞ்சுக்கும் போனது. ஆகவே பிரெஞ்சு மூலத்தில் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள்: எஸ் இருந்தால் கடை, இசட் இருந்தால் இதழ். ஜெர்மனில் அந்த வசதி கிடையாது. பக்கத்தில் நூல் எண்ணோ "கோரிப் பெறுக" என்ற பொத்தானோ இருந்தால், அது வாசகர் உள்ளே போக முடியாத அடுக்குகள்.

அதற்கு "உள்வைப்பு" என்று யாராவது சொல்லுமுன் சொல்லிவிடுகிறேன்: மருத்துவத்தில் உடலுக்குள் பொருத்துவதற்கு அந்தச் சொல் போய்விட்டது. "அடுக்ககம்" என்றால் வீடு வாங்கக் கூப்பிடுவதுபோல் இருக்கும். "இருப்பறை" என் பரிந்துரை. "இருப்பறையில் உள்ளது, கோரிப் பெறுக" என்று திரையிலும் அடங்கும்.

துப்பாக்கிதான் சிக்கல். "அம்பறாத்தூணி" நினைவில் "தோட்டாத் தூணி" என்றொரு யோசனை முன்பு வந்தது. கேட்க அழகு, ஆனால் தூணியிலிருந்து அம்பைக் கையால் உருவ வேண்டும். மேகசினிலோ அடியிலுள்ள சுருள்வில், ஒரு தட்டின் வழியாகத் தோட்டாக்களை மேலே தள்ளுகிறது. வாய்விளிம்பு வளைந்தால் அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளும். தள்ளி ஊட்டுவதுதான் அதன் வேலை.

இன்னொன்று, தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் "கிளிப்" வேறு. லீ என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் துப்பாக்கியில் மேகசின் 10 தோட்டா கொள்ளும். 5 தோட்டா கொண்ட கிளிப் இரண்டை வைத்து அழுத்தி நிரப்புவார்கள். பிரிட்டிஷ் கையேடுகளில் அந்தக் கிளிப்பின் பெயர் "சார்ஜர்". பிரெஞ்சில் அதே சொல், "ஷார்ஷர்", மேகசினையே குறிக்கும்! கேரண்ட் என்ற அமெரிக்கத் துப்பாக்கியில் 8 தோட்டாவும் கிளிப்போடு சேர்ந்தே உள்ளே போகும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் "பேழையைப் பேழைக்குள் நுழைக்கவும்" என்று கையேடு அச்சாகும். கிளிப்புக்கு "தோட்டாக் கவ்வி" சரியாக இருக்கும்.

*

> துப்பாக்கிதான் சிக்கல்

இலங்கையில் சிக்கல் இல்லை, ஐயா. மேகசினுக்கு "ரவைக்கூடு" (ரவை என்றால் தோட்டா) என்று எங்கள் பத்திரிகைகள் எழுதுகின்றன. சுட்டபின் விழும் வெற்று உறைக்கு "ரவைக்கோது". கூடு வேறு, கோது வேறு; வாசகர் குழம்புவதில்லை. புதிதாக ஆக்குமுன் இருப்பதை எடுத்துப் பார்க்கலாமே.

*

ரவை என்றால் இங்கே உப்புமாதான் கிண்டுவார்கள்! ஆனாலும் கூடு, கோது என்ற பிரிவினை அருமை. தமிழ்நாட்டில் "தோட்டாக்கூடு" வெற்று உறையையும் குறித்துக் குழப்புகிறது. கோதை இங்கேயும் கொண்டுவந்தால் அது தீரும். தோட்டாக்கூடு, தோட்டாக்கோது, தோட்டாக்கவ்வி. பேழையை விட்டுவிடலாம். கோட்டையிலும் கப்பலிலும் வரும் மேகசினுக்கு "வெடிமருந்துக் கிடங்கு" ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

*

அதிலும் ஒரு திருத்தம். இலங்கையில் எங்கள் பேச்சில் கிடங்கு என்றால் தோண்டிய குழி. பழைய இலக்கியத்திலும் அது அகழிதானே. "வெடிமருந்துக் களஞ்சியம்" என்று பதிந்தால் இரு கரைக்கும் விளங்கும். கொழும்பு "மகசின் சிறைச்சாலை" மட்டும் இடப்பெயர். அதை யாரும் பெயர்க்க வேண்டாம், "இதழ்ச் சிறை" ஆகிவிடும்.