கட்டியும் இருக்கு, மாசமாவும் இருக்கேன், அந்த ரத்த டெஸ்ட் எடுக்கலாமா?

மண்டபம்_மருமக:
அக்காமாரே, 10 வாரம் ஆகுது. ராம்நாட்ல ஸ்கேன் பாத்தப்ப கர்ப்பப்பையில 5 செமீ ஃபைப்ராய்டு, அதான் சதைக்கட்டின்னு சொன்னாங்க, வயசு 36ங்கிறதால பிள்ளைக்குக் குறை இருக்கான்னு பாக்குற என்ஐபிடிங்கிற ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லி மதுரைக்கு எழுதிக் குடுத்திருக்காங்க, மாமியா என்னடான்னா மொதல்ல கட்டிய எடுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாக. என்ன பண்ண?

கீழக்கரை_லாத்தா:
மாசமா இருக்கையில பெரும்பாலும் கட்டில கைவைக்க மாட்டாங்கம்மா, ரத்தம் கொட்டிரும். எனக்கு அஞ்சாம் மாசம் ஒரு பக்கமா சுருக்கு சுருக்குன்னு இழுத்துச்சு, கட்டிக்கு ரத்தம் பத்தலேன்னா அப்படி வலிக்குமாம், டாக்டர் குடுத்த பாராசிட்டமால்லயே அடங்கிருச்சு. கட்டி எந்தப் பக்கம்னு கேளு, கர்ப்பப்பை வாய்க்கிட்டன்னா பிரசவத்துல இடைஞ்சலாகலாம்.

தொண்டி_லேப்காரன்:
அந்த என்ஐபிடி டெஸ்ட்ட 10 வாரத்துலருந்து எடுக்கலாம். உங்க ரத்தத்துல மிதக்குற நஞ்சுக்கொடி டிஎன்ஏவ வச்சுதான் டவுன் சிண்ட்ரோம் மாதிரி குறை இருக்க வாய்ப்பிருக்கான்னு பாக்குறது. ஃபைப்ராய்டும் தன் டிஎன்ஏவ ரத்தத்துல விடும், அபூர்வமா ரிசல்ட் குழம்பும், அதனால ஃபார்ம்ல கட்டி இருக்கிறத மறக்காம எழுதச் சொல்லுங்க. ஹை ரிஸ்க்னு வந்தாலும் அது முடிவு இல்ல, 15 வாரத்துக்கப்புறம் பனிக்குட நீர் எடுத்து உறுதி பண்ணுவாங்க. ஆணா பொண்ணான்னு மட்டும் கேட்டுறாதீங்க, கருவுல ஆணா பொண்ணான்னு பாக்குறதத் தடுக்குற 1994 சட்டப்படி சொல்லக் கூடாது. காசு கட்டுப்படியாகலேன்னா 11லருந்து 13 வாரத்துல பிள்ளையோட பின்கழுத்து நீரளவப் பாக்குற என்டி ஸ்கேனோட டபுள் மார்க்கர்ங்கிற ரத்த டெஸ்ட் இருக்கே.

மண்டபம்_மருமக:
லாத்தா, ரிப்போர்ட்ல ஃபண்டஸ்னு போட்டிருக்கு, மேல்பக்கமாம். மாமியாட்ட படிச்சுக் காட்டிர்றேன்.