கெடு, ஜர்னல், கோப்பு: இன்னும் உறுத்தும் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

பாரிமுனை ஜூனியர்

2024 மார்ச் 15 காப்புரிமை விதித் திருத்தம் இங்கே எல்லோருக்கும் தெரியும், விளக்கப் போவதில்லை. விண்ணப்பத்தைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கும் ஆய்வுக் கோரிக்கைக்கு, முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 48 மாதம் இருந்தது 31 ஆகிவிட்டது. அதைப் பற்றி நம் அறிவுசார் சொத்து வழக்கறிஞர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு சீனியர் அம்மா எழுந்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். "பிசிடி, அதாவது சர்வதேச விண்ணப்பம் வழியாக வருகிறவர்களுக்கு இந்தியாவுக்குள் நுழையவே 31 மாதம்தான். கடைசி நாளில் நுழைந்தால் ஆய்வுக் கோரிக்கைக்கும் அன்றுதான் கடைசி நாள், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் மாதம் ஒரு வெளிநாட்டு கிளையண்டின் விண்ணப்பம், சரியாக 31ஆவது மாதத்தின் கடைசி நாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டாகிவிட்டது, ஒப்புகையும் வந்துவிட்டது. ஆய்வுக் கோரிக்கையான படிவம் 18க்கு, கெடு தேதிகளைக் குறிக்கும் டாக்கெட்டில் அடுத்த வருடத் தேதியை எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன், கை பழைய கணக்கிலேயே எழுதியிருக்கிறது. பஸ் சைதாப்பேட்டையைத் தாண்டும்போது அந்த அம்மாவின் குரல் அப்படியே காதில் கேட்டது. இறங்கி ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். வாட்ச்மேனை எழுப்பி, ஆபீஸைத் திறந்து, கிளையண்டின் பழைய மெயில்களைத் துழாவினேன். ஆய்வுக் கட்டணத்துக்கும் சேர்த்தே ஒப்புதல் கொடுத்திருந்தார்கள், நல்லவேளை. 11.20க்குக் கட்டணப் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது. வேறு கார்டு போட்டேன். ஒப்புகையில் விழுந்த நேரம் 23:41. அந்த நாலு இலக்கத்தை இப்போதும் கனவில் பார்க்கிறேன். அன்று கூட்டத்துக்கு வராதவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் இன்னும் மனசு கேட்பதில்லை, அதனால்தான் இதைத் தொடங்கினேன். உங்களுடையதைச் சொல்லுங்கள்.

கோப்புக்கட்டு

தம்பி, நல்ல வேலை செய்தீர்கள், ஆனால் இவ்வளவு பதற வேண்டியதில்லை. அதே திருத்தத்தில் விதி 138 மாறியிருக்கிறதே, பார்க்கவில்லையா? படிவம் 4 போட்டு ஆறு மாதம் வரை கெடு நீட்டிப்புக் கேட்கலாம். முன்பு ஆய்வுக் கோரிக்கைக்கு அந்தக் கதவே கிடையாது.

என் சம்பவம் சின்னது. 2021 ஏப்ரல் 4, அவசரச் சட்டம் வந்து அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் ஒரே நாளில் இல்லாமல் போனது. அதன் தலைமையிடம் நம் சென்னைதான். வாதம் முடிந்து தீர்ப்புக்காக ஒதுக்கி வைத்திருந்த ஒரு வழக்கு என்னிடம் இருந்தது. கிளையண்ட் போன் செய்து, "தீர்ப்பு எப்போ சார்?" என்று கேட்டார். "சொல்ல வேண்டிய அமைப்பே இல்லை, உயர் நீதிமன்றத்தில் முதலிலிருந்து பேச வேண்டியிருக்கும்" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அந்த மௌனம்தான் என்னிடம் தங்கியிருக்கிறது.

இளையவர்களுக்கு இதிலிருந்து சொல்ல நிறைய இருக்கிறது. அமைப்பு மாறும்போது கோப்பு தானாக நம்மைத் தேடி வராது. பழைய எண், புது எண் இரண்டையும் ஒரே தாளில் எழுதி கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். வாதக் குறிப்பை உங்கள் கையிலும் ஒரு பிரதி வையுங்கள், எல்லாம் நீதிமன்றக் கட்டில் இருக்கிறது என்று நம்பாதீர்கள். 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துப் பிரிவு விதிகள் வந்தனவே, அதை அச்செடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுதும் படியுங்கள், சுருக்கத்தைப் படிக்காதீர்கள். அப்புறம் கிளையண்டுக்கு எழுத்தில் சொல்லுங்கள். போனில் சொன்னது ஆறு மாதத்தில் "நீங்கள் சொல்லவே இல்லையே" என்று திரும்பி வரும்.

மாசி வீதி

2023 தீபாவளிக்கு முந்தின வாரம். அப்பளக் கம்பெனி நடத்தும் ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு வந்தார். மேசையில் இரண்டு பாக்கெட்டை வைத்தார். ஒன்று அவருடையது, இன்னொன்று பக்கத்து மாவட்டத்துக்காரருடையது. அதே சிவப்பு, அதே வட்டம், பெயரில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக்கின் தடிமன்கூட ஒன்று.

கம்ப்யூட்டரில் தேடினால், பக்கத்து மாவட்டத்துக்காரரின் அந்தப் பெயர், பதிவுக்கு வந்த பெயர்களை வெளியிடும் அரசின் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியாகி நாலு மாதமும் பதினோரு நாளும் ஆகியிருந்தது. அதைப் பதியக் கூடாது என்று போடும் எதிர்ப்பு மனுவுக்கு நாலு மாதம்தான், ஒரு நாள்கூட நீட்ட வழியில்லை. வாரா வாரம் திங்கட்கிழமை ஜர்னல் வருகிறது என்பதே அவருக்குத் தெரியாது, அவர் ஏன் தெரிந்து வைத்திருக்க வேண்டும்? உளுந்து மாவு பிசைகிறவர் அவர். "பதினோரு நாள்தானே தம்பி, அபராதம் கட்டிவிடலாமா?" என்று கேட்டார். மின்சார பில் மாதிரி நினைத்துவிட்டார். அப்படி முடியாது என்று நான் சொன்னபோது அவர் அந்த இரண்டு பாக்கெட்டையும் துடைத்துப் பைக்குள் வைத்த விதம் இருக்கிறதே.

கோப்புக்கட்டு

மாசி வீதி சார், அங்கேயே நிறுத்திவிட்டீர்களே. எதிர்ப்புக் காலம் போனால் எல்லாம் போய்விட்டதா? டிரேட்மார்க் சட்டத்தின் பிரிவு 57இல் பதிவை நீக்கக் கோரலாம், பதிவாளரிடமும் போகலாம், உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். பிரிவு 34 இருக்கிறது, முன்பிருந்தே பயன்படுத்தி வருபவரைப் பதிவு பெற்றவரால் தடுக்க முடியாது. பெரியவர் எந்த வருடத்திலிருந்து விற்கிறார்? பழைய பில், விற்பனை வரி ரசீது, பாக்கெட் அடித்துக் கொடுத்த அச்சகத்தின் ரசீது, உள்ளூர்த் திருவிழா மலரில் கொடுத்த விளம்பரம், எல்லாவற்றையும் தேடச் சொல்லியிருக்க வேண்டும்.

மாசி வீதி

சொன்னேன் சார். அதைச் செய்யாமல் விடுவேனா? 1987இலிருந்து அவர் அப்பா காலத்துப் பில் புத்தகம் பரணில் இருந்தது, பாதி கரையான் தின்றது, மீதி போதும். நீக்க மனு போட்டாகிவிட்டது, நடக்கிறது. ஆனால் நாலு மாதத்துக்குள் ஓர் எதிர்ப்பு மனுவில் முடிந்திருக்க வேண்டியதை வருஷக் கணக்கில் இழுக்க வேண்டியிருக்கிறது, அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. நான் எழுதியது சட்ட வழி தெரியாமல் அல்ல. நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைத்தேன், சிறு வியாபாரிகள் சங்கங்களுக்கு ஜர்னலைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க ஓர் அரை நாள் ஒதுக்குங்கள் என்று. இந்த வருடம் இரண்டு ஊரில் நடந்தது.

தறிவீட்டுப் பெண்

நான் வக்கீல் இல்லை, எழுதலாமா தெரியவில்லை. காஞ்சிபுரம் பக்கம் எங்கள் வீடு, அம்மா தறி நெய்கிறார். உங்களைப் போன்ற வழக்கறிஞர்கள் சிலர் புவிசார் குறியீடு பற்றிச் சொல்ல எங்கள் தெருவுக்கு வந்தார்கள். 2005இலேயே காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்துவிட்டது, வேறு ஊரில் நெய்ததை இந்தப் பெயரில் விற்றால் குற்றம் என்றெல்லாம் சொன்னார்கள். அம்மா கோர்வைப் புடவை ஒன்றை விரித்து, உடலும் கரையும் சேரும் இடத்தை நகத்தால் காட்டினார். மூன்று நாடா ஓட வேண்டும், கரைப் பக்கம் ஓர் ஆள் கூடவே உட்கார வேண்டும், சின்ன வயதில் அந்த ஆள் நான்தான். காட்டிவிட்டுக் கேட்டார், "இதை நெய்கிற நான் இந்தப் பெயரை எழுத யாரிடம் கேட்கணும்?"

வந்த மேடம், "அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிய வேண்டும் அம்மா, விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்தான்" என்றார். பத்து ரூபாய் என்றதும் தெருவே நிமிர்ந்து பார்த்தது. ஆனால் நெய்கிறவர் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். நாங்கள் கூலிக்கு நெய்கிறவர்கள், பில் எல்லாம் முதலாளி பெயரில். முப்பது வருடம் நெய்த கைக்குத் தாளில் ஒரு வரி இல்லை. அன்றைக்கு அம்மா புடவையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார், அந்த மடிப்புச் சத்தம்தான் எனக்கு.

பாரிமுனை ஜூனியர்

தங்கச்சி, கண்டிப்பாக எழுதலாம். அம்மாவிடம் நெசவாளர் அடையாள அட்டை இருக்கிறதா? இருந்தால் அதையும், தறி வீட்டிலேயே இருக்கிறது என்பதற்கு ஏதாவது தாளையும் எடுத்து வையுங்கள். படிவத்தை நான் நிரப்பித் தருகிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம். அந்தக் கூட்டத்துக்கு வந்த மேடம் யாரென்று எனக்குத் தெரியும், அவரிடமும் பேசுகிறேன்.

தறிவீட்டுப் பெண்

அட்டை இருக்கிறது அண்ணா, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். போட்டோ மங்கிவிட்டது, பெயர் தெரிகிறது. சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறோம்.