இரு நாட்டுப் பள்ளிகள் சேர்ந்து செய்யும் திட்டத்துக்கு நல்கை: விண்ணப்பத்தில் எதை முன்னிறுத்துவது?

கேள்வி

வணக்கம். வேறொரு நாட்டுப் பள்ளியுடன் இணைந்து, இரு பக்கத்து மாணவர்களும் ஓராண்டுக்கு ஆற்று நீரின் தரத்தை ஆராயும் திட்டம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறோம். நாடுகளுக்கிடையே உறவை வளர்க்கும் கல்வித் திட்டங்களுக்கு நல்கை தரும் அமைப்புகளை அணுக எண்ணம். ஆய்வைப் பற்றி விரிவாக எழுதுவதா, நல்லுறவைப் பற்றியா என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. மேலும், செலவில் பாதிக்கு மேல் பயணத்துக்கே போகிறது. அது குறையாகக் கருதப்படுமா?

பதில் 1

தருபவர் யார் என்பதைப் பொறுத்தது. 1963இல் பிரான்சும் ஜெர்மனியும் செய்துகொண்ட எலிசே நட்பு ஒப்பந்தத்தை அடுத்துத் தொடங்கப்பட்ட பிரெஞ்சு - ஜெர்மன் இளைஞர் அலுவலகத்தைப் போன்ற அமைப்புகளுக்கு இளைஞர்கள் நேரில் சந்திப்பதே நோக்கம் என்பதால், அங்கே பயணச் செலவுக்கு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். 1946இல் தொடங்கிய ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசின் கல்விப் பரிமாற்றத் திட்டம் பெரும்பாலும் தனிநபர்களுக்கானது. உங்கள் திட்டத்துக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் சிறிய அளவிலான கூட்டு முயற்சிகளுக்கு 30,000 அல்லது 60,000 யூரோ என்று மொத்தத் தொகையாகத் தருகிறார்கள். ஆனால் அத்திட்டத்தில் சேர்ந்துள்ள குறைந்தது இரண்டு நாடுகளின் அமைப்புகள் இருக்க வேண்டும். ஆகவே தகுதி விதிகளைப் படித்த பிறகே மற்றதை எழுதத் தொடங்குங்கள்.

பதில் 2

ஆய்வா, உறவா என்று பிரித்ததில்தான் சிக்கலே. நட்பு, புரிதல், பாலம் என்ற சொற்கள் எல்லா விண்ணப்பத்திலும் இருப்பதால் மதிப்பீட்டாளர் கண்ணில் அவை படுவதே இல்லை. ஒரு பள்ளி தனியாகச் செய்தால் இந்தத் திட்டம் எங்கே உடையும் என்றுதான் அவர் தேடுவார். இரு பள்ளிகளும் ஒரே வகைச் சோதனைப் பெட்டியால் ஒரே வாரத்தில் கரைந்த ஆக்சிஜனை அளந்து, ஒரு பக்கத்தின் அட்டவணையை மறுபக்கத்து மாணவர்கள் சரிபார்த்து, கலந்த குழுக்களாக அறிக்கை எழுதுகிறார்கள் என்றால், உறவு அந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது. பயணமும் அப்படித்தான்: சுற்றிப் பார்க்க நான்கு நாள் என்றிருந்தால் வெட்டுவார்கள், கருவிகளை ஒப்பிட்டுச் சீர்செய்யும் பயிற்சி என்றிருந்தால் கேள்வி எழாது.

வரவுசெலவுத் திட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். பணமெல்லாம் உங்கள் கையில், எதிர்ப் பள்ளிக்கு விமான டிக்கெட் மட்டும் என்றால், அவர்கள் தரும் ஆதரவுக் கடிதத்தில் எத்தனை புகழுரை இருந்தாலும் எடுபடாது. அந்தக் கடிதத்தையும் நீங்களே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். உங்கள் கடிதத்திலும் அவர்கள் கடிதத்திலும் ஒரே வாசகம் இருப்பது உடனே தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பணம் முழுவதும் முதலிலேயே கிடைக்குமா?

பதில் 1

பெரும்பாலும் கிடைக்காது. முதல் தவணை போக மீதியை இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே விடுவிப்பது பொதுவான நடைமுறை என்பதால், இடைப்பட்ட செலவை எந்தப் பள்ளி தாங்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 போல, வெளிநாட்டுப் பணத்தைப் பெறுவதற்கு முன் பதிவோ அனுமதியோ வேண்டும் என்ற விதி சில நாடுகளில் உண்டு. இரு பள்ளிகளின் கணக்குப் பிரிவிடமும் இதை இப்போதே கேட்டுவிடுங்கள். நல்கை அறிவிக்கப்பட்ட பிறகு கேட்டால், அனுமதி வருவதற்குள் திட்டக் காலத்தில் பாதி ஓடிவிடும்.